கனடா போன தம்பிகளே, பேஸ்மென்ட்டில் (வீட்டுக்கு அடியில் மண்ணுக்குள் இருக்கும் தளத்தில்) படுக்கை போடும் முன் ரேடான் பாருங்கள்

ஒரு விசேஷத்துக்காக காங்கேயம் பக்கம் ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று ராத்திரி எல்லோரும் ஆசாரத்தில் உட்கார்ந்திருந்தபோது பங்காளி மகன் கூப்பிட்டான், கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் நானூறு பேர்கூட இல்லாத ஊருக்கு இப்போதுதான் குடிபோயிருக்கிறான். "சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் ரேடான் டெஸ்ட் பண்ணச் சொல்றாருங்க, எதையாவது தலையில கட்டப் பாக்கறாரோ?" என்றான். இல்லை சாமி, அவர் நல்லதுதான் சொல்கிறார். உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைந்து வரும் கதிரியக்க வாயுதான் ரேடான். நிறமில்லை, வாசமில்லை. நம் ஊர்ப் பாறையிலும் யுரேனியம் கொஞ்சம் உண்டு, ஆனால் வாசலும் ஜன்னலும் நாளெல்லாம் திறந்தே கிடக்கிற வீட்டில் அது அதிகம் தேங்குவதில்லை. அங்கே குளிருக்குப் பயந்து ஆறு மாதம் எல்லாவற்றையும் இறுக்கி மூடுகிறோம். சூடான காற்று மேலே ஏற ஏற, வீடு கீழே மண்ணிலிருக்கும் காற்றை விரிசல் வழியாகவும் குழாய் இடுக்கு வழியாகவும் உறிஞ்சிக்கொள்ளும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த காரணம் இதுதான். பீடி, சிகரெட் பிடிக்கிறவருக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். வீடு வாங்கிய புதிதில், ஜூலை மாதம் ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டுக்கொண்டே ஒரு டிஜிட்டல் மீட்டர் வைத்தேன். 60 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) காட்டியது, சரி, கவலையில்லை என்று பெட்டியில் போட்டுவிட்டேன். ஜனவரியில் பையன் விளையாட்டாக எடுத்து வைத்தால் 400க்கு மேல்! கனடா அரசு சொல்லும் அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 200 பெக்கெரல், உலக சுகாதார நிறுவனம் 100 என்கிறது. பக்கத்து வீட்டில் குறைவாக இருந்ததே என்றும் நம்ப வேண்டாம், ஒட்டி நிற்கும் இரண்டு வீட்டுக்கே கணக்கு மாறும்.

அதனால் அக்டோபருக்கு மேல், ஹீட்டர் ஓடும் காலத்தில், குறைந்தது மூன்று மாதம் டெஸ்ட் வையுங்கள். ஆள் புழங்கும் தளங்களில் எது ஆகக் கீழே இருக்கிறதோ அதில், உட்கார்ந்தால் மூக்கு வரும் உயரத்தில். சமையலறை, குளியலறை, ஜன்னல் பக்கம் வேண்டாம். டெஸ்ட் வைக்கும் கிட் விலை அதிகமில்லை, சில ஊர்களில் நூலகத்திலேயே மீட்டர் இரவல் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

கூடுதலாக வந்தால் வீட்டை விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை. பேஸ்மென்ட் தரையைத் துளைத்து ஒரு குழாய் இறக்கி, ஒரு மின்விசிறியை மாட்டி, அடியில் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடுகிறார்கள். நம் ஆட்கள் உடனே சிமெண்ட் வாங்கி விரிசலைப் பூசக் கிளம்புவார்கள், அது மட்டும் போதாது. முறையான சான்றிதழ் உள்ள ஆளை வைத்துச் செய்யுங்கள், செலவு சில ஆயிரம் டாலர் ஆகலாம். எனக்கு அதன்பிறகு 50க்குக் கீழே நிற்கிறது.

சொந்த போர்வெல் தண்ணீர் என்றால், காற்றில் கூடுதலாக வந்த பிறகு தண்ணீரையும் சோதிக்கக் கொடுங்கள், குளிக்கும்போது அதிலிருந்தும் கொஞ்சம் வெளிவரும்.

வாடகை வீட்டுக்காரர்களும் டெஸ்ட் வைக்கலாம். ரிசல்ட் வந்ததும் வீட்டு ஓனருக்கு வாயால் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். பங்காளி மகன் வாடகைக்குத்தான் இருக்கிறான்; டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை பேஸ்மென்ட்டில் இருக்கும் கட்டிலை மாடிக்கு ஏற்று என்று சொல்லியிருக்கிறேன்.