900 மீட்டருக்கு ஸ்கோப்: எதற்குப் பணம் கொடுப்பது?

புதுக்குறி:
வணக்கம். .308 வின்செஸ்டர் போல்ட் ரைபிளில் இதுவரை 300 மீட்டர் தாண்டியதில்லை. அதுவும் பழைய 3-9×40 ஸ்கோப்தான் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.). இந்த வருடம் 600, 900 மீட்டர் காகித இலக்குகளுக்குப் போகலாம் என்று ஆசை. தோட்டாவின் எடை 175 கிரெய்ன். இரண்டு ஸ்கோப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 6-24×50, செகண்ட் ஃபோகல் பிளேன் (மடங்கு மாறினாலும் குறிக்கோடு அதே அளவில் தெரியும்), திருகின் ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு), மேலும் கீழுமாக மொத்த எலிவேஷன் 50 எம்.ஓ.ஏ. மற்றது 5-25×56, ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் (மடங்கோடு குறிக்கோடும் பெரிதாகும்), 0.1 மில் கிளிக் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), விலை ஏறக்குறைய இரட்டிப்பு. அவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா? 900-க்கு 24 மடங்கு போதுமா?

மூன்றாம்சுற்று:
மடங்கை விடுங்கள் தம்பி, அந்த 50 எம்.ஓ.ஏ.தான் எனக்கு உறுத்துகிறது. 100 மீட்டரில் ஜீரோ செய்த, அதாவது குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்த, உங்கள் தோட்டாவுக்கு 900-ல் சுமார் 36 எம்.ஓ.ஏ. ஏற்ற வேண்டிவரும். தட்டையான பேஸில் (ரைபிள் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டு) ஜீரோ செய்ததும் டரட், அதாவது ஏற்றி இறக்கும் திருகு, கிட்டத்தட்ட நடுவில் நிற்கும், மேலே மிச்சம் 25. 600 மீட்டர் வரை தாங்கும், அப்புறம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள பேஸ் போட்டால் 45 கிடைக்கும். எந்த ஸ்கோப் வாங்கினாலும் முதலில் அந்த பேஸை வாங்குங்கள்.

கானல் எழும் மதியத்தில் நான் 24, 25-ல் வைத்துச் சுட்டதே இல்லை. இலக்கு குளத்துக்குள் கிடப்பது போல நெளியும். 15, 16-க்கு இறக்கினால்தான் கறுப்பு வட்டத்துக்கு ஒரு விளிம்பு தெரியும்.

நான் பணம் கொடுப்பது டரட்டுக்கு. பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் பெரிய ஸ்கோப்பில் கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கும். 100-ல் தோட்டாக்கள் ஒரே ஓட்டையில் போகும், 900-ல் எல்லாம் கீழே. ஒரு சீசன் முழுக்க என் மேலேயே பழி போட்டுக்கொண்டேன். வெடிமருந்தின் அளவை மாற்றினேன், தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடை போட்டேன், மூச்சுப் பயிற்சி வரைக்கும் போனேன். கூடச் சுடும் பெரியவர் ஒருவர் கடைசியில் கேட்டார்: “டரட் சொல்றது நிஜமான்னு அளந்து பார்த்தியா?”

ஆளுயரக் காகிதம் ஒன்றை 100 மீட்டரில் ஒட்டினோம். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலை ஒட்டி மார்க்கரால் ஒரு கோடு, அதன் அடியில் ஒரு புள்ளி. குறி எப்போதும் அந்தப் புள்ளிதான். 0-ல் மூன்று தோட்டா, 10 மில் ஏற்றி மூன்று, மறுபடி 0-க்கு இறக்கி மூன்று. 10 மில் என்றால் 100 மீட்டரில் சரியாக 1 மீட்டர் ஏற வேண்டும். டேப் 96 செ.மீ. காட்டியது. 900-க்கு ஏற்றும் அளவில் அந்த 4 சதவீதம் ஏறக்குறைய 38 செ.மீ. பள்ளம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, தூக்குக்குண்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

காற்றுப்பக்கம்:
அந்த 100 மீட்டர் நிஜமாகவே 100-தானா? 96 மீட்டரில் நின்றாலும் 96 செ.மீ.தான் வரும். அப்புறம், தவறு மாறாமல் 4 சதவீதம் என்றால் நான் அந்த ஸ்கோப்பை விடமாட்டேன், எவ்வளவு ஏற்றுவது என்று சொல்லும் கணக்குச் செயலியில் திருத்தம் போட்டுவிட்டுப் போவேன்.

கேள்வி கேட்டவருக்கு: தூரம் தெரிந்த காகித இலக்குக்கு செகண்ட் ஃபோகல் பிளேனே போதும். ஃபர்ஸ்ட் ஃபோகலில் மடங்கு ஏற ஏற ரெட்டிக்கிள் எனும் குறிக்கோடும் தடிக்கும், சில மாடல்களில் நடு வட்டத்தையே மறைத்துவிடும். கால் எம்.ஓ.ஏ. கிளிக் 900-ல் 6.5 செ.மீ., 0.1 மில் 9 செ.மீ. காகிதத்தில் புள்ளி எண்ணும்போது சிறிய கிளிக்தான் வசதி. தூரம் மாறி மாறி இரும்புத் தகடு சுடுபவர் என்றால் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்.

ஒரு குமிழி மட்டமும் மாட்டிக்கொள்ளுங்கள். 36 எம்.ஓ.ஏ. ஏற்றிய நிலையில் ரைபிள் 3 பாகை சாய்ந்தால் 900-ல் அரை மீட்டர் பக்கவாட்டில் போகும். பழி காற்றின் மேல் விழும்.

மூன்றாம்சுற்று:
அதே சந்தேகம் எனக்கும் வந்து, டேப் பிடித்து அளந்தேன். 100 மீட்டருக்கு ஒரு சாண்கூடக் குறையவில்லை. திருத்தம் போட்டு ஓட்டியும் பார்த்தேன். ஆனால் 0-க்குத் திரும்பும்போது ஒரு நாள் 0.2 மில், ஒரு நாள் 0.3 மில் தள்ளி நின்றது. அதற்கு எந்தச் செயலியில் திருத்தம் போடுவது? குறையைச் சொல்லித்தான் விற்றேன், பாதி விலைக்கு.

புதுக்குறி:
சரி அண்ணா, 6-24 எடுத்து, 20 எம்.ஓ.ஏ. பேஸும் குமிழி மட்டமும் போட்டுக்கொள்கிறேன். பேரலாக்ஸ் வளையத்தில் (கண் நகர்ந்தாலும் குறி நகராதபடி தூரத்துக்கு ஏற்பத் திருப்புவது) எழுதியிருக்கும் மீட்டர் எண்ணை நம்பலாமா? அந்தக் காகிதச் சோதனையை எம்.ஓ.ஏ.வில் எப்படிச் செய்வது?

மூன்றாம்சுற்று:
எண்ணைப் பார்க்காதீர்கள். ரைபிளைப் பையில் அசையாமல் வைத்துவிட்டு, வளையத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். ரெட்டிக்கிள் இலக்கின் மேல் மிதக்காமல் ஒட்டி நிற்கும் இடம்தான் சரி.

சோதனையில் உங்களுக்கு 1 மீட்டர் கணக்கு வராது. 30 எம்.ஓ.ஏ. ஏற்றினால் 87.3 செ.மீ. வர வேண்டும். ரேஞ்ச் கஜக் கணக்கா என்று முதலில் கேட்டுவிடுங்கள். 100 கஜம் வெறும் 91.4 மீட்டர்தான், அதை 100 மீட்டர் என்று நினைத்தால் நல்ல ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.