மலரில் மண்டிக்காரரைப் பற்றி எழுதுவதற்கு முன்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்க மலருக்காகத் துபாய்த் தம்பி எழுதி அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் ஊரில் வெல்ல மண்டி நடத்திய மண்டிக்காரர் கோயில் குளத்துக்குப் படி கட்டிக் கொடுத்தது, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கிப் போட்டது, ஏழை வீட்டுக் கல்யாணங்களுக்குத் தாலி எடுத்துக் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கின்றன. அத்தனையும் உண்மை. ஆனால் அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்துக்கு ஒரே வரிதான்: ‘சட்டமன்ற உறுப்பினராகவும் அரும்பணி ஆற்றினார்.’ நம் ஊரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர் அவர் ஒருவர்தான். சொந்தப் பணத்தில் அவர் செய்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. நாம் வாக்களித்துக் கொடுத்த பதவியைக் கொண்டு செய்ததற்கு என் அப்பா எழுதிய ஒரு பேரேட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நியூ ஜெர்சி அண்ணன் வேறொரு பக்கமிருந்து கேட்டிருக்கிறார்: வியாபாரி அரசியலுக்கு எதற்கு வருவார், இவரைப் பற்றி மலரில் எழுதத்தான் வேண்டுமா என்று. அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டதால் நம் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலையே வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்து செய்தார்கள். அந்தக் காரணத்துக்காக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. ஆகஸ்டு 5 அன்று மறுபடி வரிசையில் நின்ற ஊர் மக்கள் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இளையவர்கள் பலர் வெல்ல மண்டியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கரும்பு போட்ட விவசாயிக்கு மண்டி முன்பணம் கொடுக்கும். அவர் ஆலையாட்டிக் கொப்பரையில் காய்ச்சிய வெல்லத்தை அந்த மண்டிக்கே கொண்டுவருவார். ஏலம் முடிந்ததும் கமிஷனும் முன்பணமும் கழித்து மீதியைக் கையில் கொடுப்பார்கள். என் அப்பா அங்கே கணக்குப்பிள்ளை. சுற்றுவட்டாரத்தில் யார் எவ்வளவு கடன்பட்டவர் என்பது அப்பாவின் விரல் நுனியில் இருந்தது. 1989 ஜனவரித் தேர்தலில் மண்டிக்காரர் வேட்பாளரானபோது அதுவே முதல் சிக்கலாயிற்று. கடன்பட்டவர்கள் பாதிப்பேர் அவருடைய வாக்காளர்கள். தேர்தல் முடியும்வரை யாரிடமும் பாக்கி கேட்டுப் போகக் கூடாது, கேட்டால் மிரட்டலாகத் தோன்றும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு அதையே லஞ்சம் என்றது. எது சரி என்று பிற்காலத்தில் அப்பாவைக் கேட்டேன். “கேட்டிருந்தாலும் தப்பு, கேட்காததும் தப்பு. மண்டிக்காரன் தேர்தலில் நின்றால் அப்படித்தான்” என்றார். இதையும் மலரில் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

வென்ற பிறகு அவர் செய்த முதல் காரியம், புதிதாக ஒரு பேரேடு வாங்கி வரச் சொன்னது. இடப்பக்கம் பற்று: மனு கொடுத்தவர், ஊர், எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதி. வலப்பக்கம் வரவு: என்ன நடந்தது. அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்று சொன்னால் அதை அப்பா பென்சிலால்தான் எழுத வேண்டும். அரசாணை எண் கைக்கு வந்த பிறகுதான் மை. சட்டமன்றத்திலேயே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, அமைச்சர்கள் சபையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பது அதன் வேலை என்று தெரிந்துகொண்டு வந்த அன்று அவர் அடைந்த மகிழ்ச்சியை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். பாக்கி வசூலிக்க அரசாங்கமே ஆள் வைத்திருக்கிறது என்று வியந்தாராம்.

அந்தப் பேரேட்டில் மாவட்டத்தின் வரலாறும் இருக்கிறது. முதல் பக்கங்களில் ‘வடஆர்க்காடு கலெக்டர்’. 1989 செப்டம்பர் 30-இல் மாவட்டம் இரண்டான பிறகு ‘வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்ற நீண்ட பெயரை அப்பா அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார். ஆரணிப் பக்கம் பெண் கொடுத்த வீட்டுக்காரர்களின் மனுக்கள் அதன் பிறகு திருவண்ணாமலைக்குப் போயிருக்கின்றன.

இனி கரும்புக்கு வருகிறேன். மலரில் ஒரே ஒரு செய்திக்குத்தான் இடம் என்றால் இதைப் போடுங்கள். சர்க்கரை ஆலைக்கென்று ஒதுக்கிய பகுதியில் பதிவு செய்த கரும்பை ஆலைக்குத்தான் வெட்ட வேண்டும். வெட்டு உத்தரவு தாமதமானால் கரும்பு பூத்து, காய்ந்து, எடை குறையும். பணமும் தாமதமானால் விவசாயி சலித்துப்போய் வெல்லம் காய்ச்சத் திரும்புவார். அந்த வெல்லம் மண்டிக்கு வரும். அதாவது ஆலை கெட்டால் மண்டிக்கு லாபம். அவர் பதவியில் இருந்தபோது ஒரு பருவத்தில் ஓர் ஆலையிலிருந்து பணம் வராமல் நம் ஊர்க்காரர்கள் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் வாயே திறக்காமல் இருந்திருக்கலாம். உங்கள் கரும்பை என் மண்டிக்குத் திருப்புங்கள் என்று சொல்லியிருந்தால்கூட ஊர் வாழ்த்தியிருக்கும்.

அவர் 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையைத் தேடி எடுத்தார். கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று அதில் இருக்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை நாளாகப் பாக்கி என்று அப்பாவை வைத்து ஊர் ஊராகக் கணக்கெடுத்து, வட்டியோடு சேர்த்துச் சபையில் கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு வந்த வாரம் சக மண்டிக்காரர்கள் அவரோடு பேசவில்லை. அசல் பொங்கலுக்கு முன் வந்து சேர்ந்தது. வரவுப் பக்கத்தில் மையால் ‘அசல் வந்தது’ என்றும், அதன் கீழே ‘வட்டி வரவில்லை’ என்றும் இருக்கிறது.

சாலை ஒப்பந்த விஷயம் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அரசோடு சரக்குக்கோ வேலைக்கோ ஒப்பந்தம் வைத்திருப்பவர் அந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு. அது அவரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனாலும் அவர் தம் மைத்துனர், தம்பி, பங்காளிகள் எல்லோரையும் கூப்பிட்டு, தாம் பதவியில் இருக்கும்வரை யாரும் டெண்டர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மைத்துனர் அதன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

எனக்குச் சொந்தமான ஒரு காரணமும் உண்டு. பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகப் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தியது அவர் உறுப்பினராக இருந்த அந்தச் சபையில்தான். 1989 மார்ச் 25 முதல் அது செல்லும். சென்னையிலிருந்து வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, “கணக்குப்பிள்ளை, இனி உன் சின்ன மகளுக்கும் காணியில் பங்கு இருக்கிறது” என்று அப்பாவிடம் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு 1988-இல் திருமணமாகியிருந்தது. அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அக்கா அடுப்படியில் எதுவும் சொல்லாமல் நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

அவர் செய்யத் தவறியதையும் மறைக்கக் கூடாது. பாலாற்றங்கரையில் தோல் கழிவால் கிணறு கெட்டது, பயிர் கருகியது என்று வந்த மனுக்கள் பேரேட்டில் ஏழெட்டு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எதிரே வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. பென்சில் கீறல்கூட இல்லை. நம் ஊரிலேயே வீட்டுக்கு ஒருவர் ஆம்பூருக்கோ ராணிப்பேட்டைக்கோ தோல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் பேசத் தயங்கியதற்கு அது காரணமாக இருக்கலாம், ஆனாலும் அது தவறுதான். 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகே விடிவு தொடங்கியது. 1996 ஆகஸ்டு 28 தீர்ப்பில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லி, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. கரும்புக்கு எழுந்து நின்ற மனிதர் ஆற்றுக்கும் ஒருமுறை எழுந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஐந்து ஆண்டுக்கு அனுப்பினோம், கிடைத்தது இரண்டு. 1991 ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது, சபையும் போயிற்று. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. மறுநாளே மண்டியில் வந்து உட்கார்ந்தார். அப்பாவை அழைத்து, பேரேட்டில் தீராத மனுக்களை மட்டும் தனித்தாளில் பெயர்த்து எழுதச் சொன்னார். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது முன்பாக்கியைப் புதுக் கணக்குக்குக் கொண்டுபோவது போல. புதிய எம்.எல்.ஏ. மாற்றுக் கட்சிக்காரர். அவர் பதவியேற்றதும் அப்பாவே பஸ் ஏறிப் போய் அந்தத் தாள்களைக் கொடுத்துக் கைச்சாத்து வாங்கி வந்தார். கைச்சாத்து பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

நினைவு வளைவு கட்டலாம் என்று சிலர் சொல்கிறீர்கள். நான் கேட்பது சிறிய உதவி. தை மாதம் ஊருக்குப் போகிறேன், பேரேடு தம்பி வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய தாளைக் கிழிக்காமல் ஸ்கேன் செய்யத் தெரிந்தவர் வேலூரில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நடுவில் மூன்று பக்கங்கள் வெல்லப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மனு கொடுத்தவர்களின் பெயர்களை மறைத்து, கரும்புப் பக்கத்தையும் பாலாற்றுப் பக்கத்தையும் மலரில் அடுத்தடுத்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செலவில் என் பங்கை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
கணக்குப்பிள்ளை வீட்டுச் சின்ன மகள்,
சிங்கப்பூர்