‘உண்மைச் சம்பவம்’ என்று போட்டுப் பேய்ப்படம் எடுப்பது சரியா? எமிலி ரோஸ் படத்தை முன்வைத்து ஒரு விவாதம்

ஆவணக்காரன்

2005-இல் வெளிவந்த ‘த எக்சார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்’ படத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். பேயோட்டும் சடங்குக்குப் பின் எமிலி என்ற பெண் இறந்துபோக, சடங்கை நடத்திய பாதிரியார் வழக்கில் நிற்கும் ஹாலிவுட் கதை. உண்மைக் கதையை அடிப்படையாகக் கொண்டது என்று சொல்லியே விற்கப்பட்ட படம் அது. அந்த உண்மை எது என்று தேடிப் போனவர்களுக்குப் படத்தின் மேல் கோபம் வராமல் இருக்காது.

நடந்தது படத்தில் வருவது போல அமெரிக்காவில் அல்ல, ஜெர்மனியின் பவேரியாவில். க்ளிங்கென்பெர்க் என்ற சிற்றூரில் வளர்ந்த அன்னலீஸ் மிஷெல் என்ற பெண்ணுக்குப் பதினாறாம் வயதில், 1968-இல், முதல் வலிப்பு வந்தது. மருத்துவர்கள் அதைக் கால்-கை வலிப்பு நோய் என்று கண்டறிந்து மருந்தும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அவளுக்குக் கோர முகங்கள் தெரியத் தொடங்கின; நீ நரகத்துக்குப் போவாய் என்ற குரல்களும் கேட்டன. 1975-இல் வூர்ட்ஸ்பர்க் ஆயர் ஜோசப் ஸ்டாங்கிள் அனுமதி கொடுக்க, இரண்டு பாதிரியார்கள் ஏறத்தாழப் பத்து மாதங்களில் 67 முறை பேயோட்டும் சடங்கை நடத்தினார்கள். 1976 ஜூலை 1 அன்று இருபத்து மூன்று வயதில் அவள் இறந்தபோது உடல் எடை சுமார் 30 கிலோ. உணவும் நீரும் இல்லாமல் வந்த சாவு அது. முழந்தாளிட்டு முழந்தாளிட்டு முட்டிகள் சிதைந்து போயிருந்தன.

1978-இல் ஆஷஃபென்பர்க் நீதிமன்றம் இரண்டு பாதிரியார்களோடு தாயையும் தந்தையையும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. படத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் ஒரே ஒரு பாதிரியார். பெற்றோர் கண்ணீரோடு ஓரமாக நிற்கும் நல்லவர்களாகிவிட்டார்கள். இதற்கு ‘உண்மை’ என்று பெயர் வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

இரண்டாம்ஆட்டம்

ஆவணக்காரன் ஐயாவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ‘அடிப்படையாகக் கொண்டது’ என்ற சொல்லுக்கும் ‘அப்படியே’ என்ற சொல்லுக்கும் உள்ள தூரத்தை அவர் வசதியாக மறந்துவிட்டார். பெண்ணின் பெயர், ஊர், நாடு ஆகிய மூன்றையும் மாற்றியவர்கள் உங்களை ஏமாற்றத் திட்டமிட்டார்கள் என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது.

பெற்றோரைக் கூண்டில் ஏற்றாததை நான் கருணை என்றே சொல்வேன். மகளைப் பறிகொடுத்த பெற்றோருக்குத் தண்டனை வேண்டாம் என்பதே ஜெர்மனியில் அரசுத் தரப்பின் நிலையாகவும் இருந்தது.

இன்னொன்று, படம் பேய்க்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதவில்லை. பாதிரியாருக்காக வாதாடும் பெண் வழக்கறிஞருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது; அவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க முயலும் அரசு வழக்கறிஞரோ தவறாமல் தேவாலயம் போகிறவர். கடைசியில் ஜூரிகள் பாதிரியாரைக் குற்றவாளி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பேய்ப்படம் இதற்கு மேல் எவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

‘டெக்சஸ் செயின் சா மேசக்கர்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 ஆகஸ்ட் 18 அன்று நடந்த கொடுமை என்று கணீரென்ற குரலில் சொல்லித்தான் படமே தொடங்குகிறது. படப்பிடிப்பு நடந்ததும் அதே 1973 கோடையில்தான். 1957-இல் விஸ்கான்சினில் பிடிபட்ட எட் கீன் என்பவனிடமிருந்து மனிதத் தோல் முகமூடியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கற்பனையால் நிரப்பினார்கள். நம் பாட்டிமார் ‘நம்ம தெருக்கோடி வீட்டில் நடந்தது’ என்று கதையைத் தொடங்குவார்களே, அது போன்ற தொடக்கம்தான் இதுவும். பாட்டி மீது யாரும் வழக்குப் போட்டதில்லை.

ஆவணக்காரன்

பாட்டி டிக்கெட் விற்கவில்லை. அவர் காட்டிய தெருக்கோடி வீட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வேலி தாண்டிக் குதிக்கவும் இல்லை.

‘த அமிட்டிவில் ஹாரர்’ பேய்ப்படத்துக்கு மூலமான அமெரிக்காவின் அமிட்டிவில் வீட்டுக்கு அதுதான் நேர்ந்தது. 1974 நவம்பரில் அந்த வீட்டில் ஒருவன் தன் குடும்பத்தினர் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றது உண்மை. அடுத்த ஆண்டு குடியேறிய லட்ஸ் குடும்பம் 28 நாளில் வெளியேறியதும் உண்மை. இடையில் நடந்ததாகச் சொல்லப்பட்ட பேய்க்கதையைப் பல புட்டி ஒயினுக்கு நடுவே நாங்கள் சேர்ந்து உருவாக்கினோம் என்று கொலைகாரனின் வழக்கறிஞரே பின்னர் ஒப்புக்கொண்டார். அதற்குப் பின் அங்கே குடியிருந்தவர்களைப் பேய் எதுவும் தொந்தரவு செய்யவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான் தூங்க விடவில்லை. கடைசியில் வீட்டு எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று.

‘த கான்ஜுரிங்’ படத்தில் சூனியக்காரியாக வரும் பத்ஷீபா, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உண்மையில் வாழ்ந்து 1885-இல் இறந்த ஒரு பெண். அவர் சூனியக்காரி என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆனாலும் அவருடைய கல்லறைக் கல்லை உடைத்திருக்கிறார்கள். செத்தவர் மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்ற துணிச்சலில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

மருதாணி

நான் நரம்பியல் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். எமிலி ரோஸ் படத்தில் எனக்கு உறுத்திய இடம் வேறு.

அதிகாலை மூன்று மணிக்கு எமிலிக்கு ஏதோ கருகும் வாடை வரும். பின்னால் அந்த வழக்கறிஞருக்கும் அதே வாடை வரும். சாத்தான் அருகில் வந்துவிட்டதற்கு அதுவே அடையாளம் என்று நாம் புரிந்துகொள்கிறோம். மூளையின் பக்கவாட்டுப் பகுதியிலிருந்து கிளம்பும் வலிப்பில் சிலருக்கு அந்த வாடைதான் முதல் அறிகுறி. எங்கள் வார்டில் ஒரு தையல்காரர் இருந்தார். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று மூக்கைச் சுளித்து, “சிஸ்டர், துணி கருகுது, அயர்ன் பாக்ஸை அணைங்க” என்பார். அங்கே இஸ்திரிப் பெட்டியே இருக்காது. அவர் அதைச் சொன்ன உடனே நாங்கள் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வலிப்பு வந்துவிடும். அச்சமும் அப்படித்தான் காரணமே இல்லாமல் வெள்ளம் போல வரும் என்று நோயாளிகள் சொல்வார்கள்.

நோயின் அறிகுறியை எடுத்து, நோயில்லாத வழக்கறிஞருக்கும் கொடுத்துவிட்டால், அது நோயே அல்ல என்று படம் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. இரண்டு பக்கமும் சமமாகக் காட்டினார்கள் என்று இரண்டாம்ஆட்டம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம்ஆட்டம்

சகோதரி சொன்ன வாடை விஷயம் எனக்குப் புதிது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் நோயாளியின் கண்ணுக்குத் தெரிவதைத் திரையில் காட்டுவதே பொய் என்று சொன்னால், மனநோயைப் பற்றி யாருமே படம் எடுக்க முடியாது. தெருவில் போகிறவர்களின் முகம் உருகிக் கண் கறுத்துப் போவது எமிலியின் பார்வையில் வரும் காட்சி. அன்னலீஸுக்கும் முகங்கள் தெரிந்தன என்று ஆவணக்காரனே எழுதியிருக்கிறார்.

வெட்டுக்கிளி

2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லையா? மனநோயைப் பேய் என்று நினைக்கும் நம்பிக்கைக்குத்தான் இத்தகைய படங்கள் எண்ணெய் ஊற்றுகின்றன.

இரண்டாம்ஆட்டம்

ஏர்வாடிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டவர்கள் ஹாலிவுட் படம் பார்த்துவிட்டுப் போகவில்லை, நண்பரே. பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லாத ஊர்களிலிருந்து போனார்கள். அந்தப் பழியைப் படத்தின் தலையில் கட்டுவது, உண்மையில் பொறுப்பானவர்களைத் தப்பவிடும் வேலை.

ஆவணக்காரன்

இந்த ஒன்றில் இரண்டாம்ஆட்டத்தோடு உடன்படுகிறேன். அன்னலீஸ் செத்ததும் எந்தப் படத்தாலும் அல்ல. ஆனால் ‘ரெக்வியெம்’ என்று 2006-இல் ஒரு ஜெர்மன் படம் அதே பெண்ணின் கதையிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் பேய் வராது. தாயின் முகத்தில் இருக்கும் இறுக்கம்தான் வரும். அந்தப் பெண்ணாக நடித்த சாண்ட்ரா ஹ்யூல்லருக்குப் பெர்லின் திரைவிழாவில் விருது கொடுத்தார்கள். உண்மையை அருகில் வைத்துக்கொண்டே பயமுறுத்த முடியும் என்பதற்கு அந்தப் படம் போதும். சோம்பேறித்தனத்துக்குக் ‘கற்பனைச் சுதந்திரம்’ என்று பெயர் வைக்காதீர்கள்.

மருதாணி

எனக்கு இன்னும் ஆறாதது மருந்துக் காட்சிதான். வலிப்பு மருந்து கொடுத்ததால்தான் பேயோட்டும் சடங்கு பலிக்காமல் போயிற்று என்று ஒரு மானிடவியலாளர் படத்தில் சாட்சி சொல்கிறார். அன்னலீஸுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று ஃபெனிட்டாயின். நம் ஊரில் எப்டாயின் என்று எல்லோரும் வாங்கும் அதே மாத்திரை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். போன மாதம்கூட ஓர் அம்மா, கோயிலில் மந்திரித்துக் கட்டிய தாயத்து வேலை செய்ய வேண்டுமானால் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று யாரோ சொன்னார்கள் என்று வந்து கேட்டார். தாயத்து கையிலேயே இருக்கட்டும், மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாம்ஆட்டம்

அந்த மருந்து வாதம் திரைக்கதை எழுதியவர் கண்டுபிடித்தது அல்ல. ஃபெலிசிட்டாஸ் குட்மன் என்ற மானிடவியலாளர் 1981-இல் வெளியிட்ட நூலில் இருப்பது. இருந்தாலும் அந்தக் காட்சிக்காக இனி நான் வாதாட மாட்டேன், மருதாணி. உண்மைக் கதை என்று படத்தின் முதலில் வரும் அந்த ஒற்றை வரியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால், க்ளிங்கென்பெர்க் எங்கே இருக்கிறது என்று ஆவணக்காரனும் தேடியிருக்க மாட்டார், நானும் தேடியிருக்க மாட்டேன்.