புதுப்பிப்பு: நுவரெலியாப் பனிக்குத் தாங்குகிற செடிகள்

ஜனவரி, பெப்ரவரி உறைபனியைத் தாங்கி அந்த நேரத்தில் கொஞ்சம் பூவும் காட்டுகிற செடியாக முற்றத்தில் எதை வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேனே, பதில் போட்ட அண்ணாமார் அக்காமாருக்கு நன்றி. கமேலியாவும் ஹைட்ரேஞ்சியாவும் என்று முடிவாகி, ஒக்டோபர் மழையோடு நட்டாயிற்று. மழைக்குள் வேர் பிடித்துவிட்டால் நல்லது.

கமேலியா தேயிலையின் இனம்தானே, நம் புளிப்பு மண் அதற்குத் தோது. மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுகிற டொலமைட் தூளைக் கிட்டவே கொண்டுபோகவில்லை. இடத்துக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. காற்றும் மேகமும் இல்லாத இரவில் குளிர் பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால் மேட்டுப் பக்கம் வைத்தேன், அதுவும் காலை வெயில் நேரே அடிக்காத சுவரோரம், ஏனென்றால் உறைந்த மொட்டில் வெயில் சட்டென்று பட்டால் பழுப்பாகிக் கொட்டிவிடும். இப்போது ஒரு மொட்டு சிவப்பு நுனி காட்டுகிறது.

ஹைட்ரேஞ்சியாவில் குருத்திலை கறுத்து, தொட்டால் தேயிலைத் தூள் மாதிரி உதிர்கிறது. கவ்வாத்து வெட்டு என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறா. நான் தொடுவதாக இல்லை. பழைய தண்டின் நுனி மொட்டில்தான் அடுத்த பூ, இப்போது வெட்டினால் வருகிற துளிரும் பனியில் கருகிவிடும்.

அப்புறம், மஞ்சள் பூப் பூக்கிற கோர்ஸ் என்ற முட்செடியை வைக்கச் சொன்னவருக்கு: வேண்டவே வேண்டாம், ஹோர்ட்டன் சமவெளியில் அது பரவிப் படுத்துகிற பாடு போதும்.

மா ரத்மல் (நம் மலைக்காட்டில் சிவப்பாகப் பூக்கிற ரோடோடென்ட்ரன் மரம்) கன்று நாற்றுமேடையில் வளர்த்ததாக யாரிடமாவது இருக்கிறதா? காட்டில் பிடுங்கியது வேண்டாம்.