நண்பர் வீட்டில் தங்கித் திரும்புவோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம்.

நன்றி மடலை எவ்வளவு அழகாக எழுதினாலும், தங்கிய வீட்டில் வேலையை விட்டுவிட்டு வந்தால் அது எடுபடாது. ஆகவே அறையிலிருந்து தொடங்குகிறேன்.

புறப்படும் காலையில் படுக்கையை நேர்த்தியாக விரித்துவிட்டு வராதீர்கள். துவைத்த விரிப்பு என்று நினைத்து அடுத்த விருந்தாளியை அதில் படுக்க வைத்துவிடுவார்கள். விரிப்பையும் உறைகளையும் உருவி ஒரே தலையணை உறைக்குள் திணித்து வையுங்கள். ஈரத் துண்டை அதோடு சேர்க்க வேண்டாம், மூட்டை முழுக்க நாறிவிடும். அவர்கள் டிவியில் உங்கள் கணக்கைத் திறந்திருந்தால் வெளியேறிவிடுங்கள்.

அங்கே மறந்து வைப்பது சார்ஜர். மறந்து எடுத்து வருவது அவர்கள் வீட்டுச் சாவி. பவர் பேங்க்கை விட்டுவிட்டால் சிக்கல்: லித்தியம் பேட்டரி என்பதால் விமானப் பார்சலில் அனுப்புவது லேசில் நடக்காது. கூட எடுத்து வரும்போதும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரை அனுமதி உண்டு. பவர் பேங்க்கில் 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது ஏறத்தாழ 74 வாட்-மணி. இன்சுலின் போடுபவர்கள் அதை அவர்கள் ஃபிரிட்ஜிலேயே மறந்துவிடாமல் இருக்க, முந்தின இரவே ‘ஃபிரிட்ஜ்’ என்று ஒரு சீட்டு எழுதிச் செருப்புக்குள் போட்டு வையுங்கள். இன்சுலினும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கோடு போகும் பெட்டியில் வைத்துக் குளிரில் ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அதை நம்ப முடியாது.

இறங்கியதும் “வந்து சேர்ந்துவிட்டோம்” என்று ஒரு வரி போடுங்கள். அவர்கள் காத்திருப்பது அதற்குத்தான். நன்றியை அதில் ஒட்டாமல், ஓரிரு நாளில் ஆற அமர எழுதுங்கள். “உபசரிப்புக்கு நன்றி” என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். நீங்கள் தூங்கட்டும் என்று பிள்ளைகளை அடக்கி வைத்தார்களே, அதைச் சொல்லுங்கள். பழகிய நண்பருக்கு மட்டும் எழுதி நிறுத்துவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கூடுதல் வேலை யார் தலையில் விழுந்ததோ அவருக்குத் தனியாக எழுத வேண்டும். தன் அறையைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்த பிள்ளைக்கும் இரண்டு வரி.

படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் எடுத்த இடத்தின் குறிப்பும் படத்தோடு போகலாம் என்பதால், அவற்றை மற்ற குழுக்களில் பகிருமுன் அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம் வீடு. நாம் ஓய்வெடுத்த நாளெல்லாம் அங்கே ஒருவரே இரண்டு பேர் வேலையையும் பார்த்திருப்பார். வாசலிலேயே “எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா” என்று ஆரம்பித்தால் வேறு மாதிரிதான் காதில் விழும். அழுக்குத் துணியை நேரே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, இரவுச் சமையலோ குழந்தையைத் தூங்க வைப்பதோ, ஏதாவது ஒன்றை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். “உதவட்டுமா” என்று கேட்டுக்கொண்டு நிற்பது அவருக்கு இன்னொரு வேலை.

நேர மண்டலங்களைக் கடந்து வந்தால், ஒரு மணி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில்தான் தூக்கம் சீராகும். கிழக்கு நோக்கி வந்தால் இன்னும் சற்றுக் கூடும். பகல் தூக்கத்தை 20, 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள். மாலையில் வரும் எரிச்சலைத் தங்கள்மேல் கோபம் என்று வீட்டார் எடுத்துக்கொள்வார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே, வேலைக்குத் திரும்புமுன் ஒரு முழு நாள் வீட்டில் கிடைக்கும்படி பார்த்து எடுங்கள்.