ஃபெரட்டுக்குப் பச்சைக் கறி எவ்வளவு கொடுப்பது? அவசரம்

கீழக்கரைப் பையன்:
அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு ஃபெரட்டுகள் (கீரி போல நீண்ட உடலுள்ள, வெளிநாட்டு வளர்ப்பு விலங்கு) இருக்கின்றன. சாச்சா மகன் துபாய்க்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனான். பச்சைக் கறிதான் போட வேண்டும் என்றான், அளவு சொல்லவில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை. இரண்டும் கறியை நன்றாகத்தான் தின்கின்றன. ஆனால் முந்தாநாளிலிருந்து பெரியது முக்கி முக்கி வெளிக்கிருக்கிறது, மலம் வெள்ளையாக வருகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு கறி என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுங்கள். அவசரம்.

பாம்பன் பாலம்:
வ அலைக்கும் ஸலாம் தம்பி. எடை எவ்வளவு? ஆணா, பெண்ணா? வயது? ஆட்டுக்கறியா, கோழியா? எலும்போடா, எலும்பில்லாமலா? வெறுமனே "கறி" என்று எழுதினால் இங்கே யாரும் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

ராமநாதபுரம் முயல்பண்ணை:
முயல் கொடுங்கள். ஃபெரட்டை ஐரோப்பாவில் பழக்கியதே முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே துரத்தத்தான். ரோமானியர் காலத்திலிருந்து நடக்கும் வேலை. அதற்கு என்ன தின்றால் ஒத்துக்கொள்ளும் என்பது அதன் இரத்தத்திலேயே இருக்கிறது. எங்களிடம் உரித்த முயல் கிடைக்கும்.

விலங்கியல் வாத்தியார்:
இந்தப் பகுதியில் கேள்வி கேட்பதற்கு முன்னால் பழைய இழைகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கும் பழக்கம் எவருக்கும் இல்லை. விலங்கை முதலில் வாங்கிவிடுவது, அது என்ன தின்னும் என்பதைப் பிறகு விசாரிப்பது. போகட்டும். ஃபெரட் முழுக்க முழுக்க ஊனுண்ணி. அதற்குக் குடல்வால் பை கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். எனவே "ஒரு நாளைக்கு எவ்வளவு" என்பது பாதிக் கேள்விதான், எத்தனை வேளை என்பதையும் கேட்க வேண்டும். இந்த வெயிலில் ஃபெரட் வளர்ப்பதே நியாயமா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும். வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல்.

கீழக்கரைப் பையன்:
நான் வாங்கவில்லை வாத்தியார் ஐயா, விட்டுவிட்டுப் போனார்கள். கோழிக்கறிதான்.

பாம்பன் பாலம்:
கோழியில் எது தம்பி? நெஞ்சுக்கறியா, தொடையா, இறக்கையா? எடையை இன்னும் சொல்லவில்லையே.

மண்டபம் வலைக்காரர்:
கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு கோழிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? காலையில் கரைக்கு வந்தால் நெத்திலி, சாளை, காரல் எல்லாம் துள்ளத் துள்ளக் கிடைக்கும். தலையோடு, முள்ளோடு அப்படியே போடுங்கள். எங்கள் வீட்டுப் பூனைகள் வேறு எதையும் தின்றதில்லை, ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் புலி போல இருக்கிறது.

தொண்டி வாசி:
முதலில் மலச்சிக்கலைக் கவனியுங்கள். கொஞ்சம் தயிர்சாதமும் பூவன் பழமும் பிசைந்து கொடுத்தால் இளகிவிடும். குழந்தைகளுக்கே அதுதான்.

விலங்கியல் வாத்தியார்:
ஆண்டவா. சோறும் பழமும் ஃபெரட்டுக்கா? நார்ச்சத்தை அதன் குடலால் செரிக்க முடியாது. மாவும் சர்க்கரையும் அதற்கு ஆகவே ஆகாது. வயதான ஃபெரட்டுகளுக்குக் கணையத்தில் கட்டி வந்து இரத்தச் சர்க்கரை சரிந்து விழுவது சாதாரணமாகக் காணும் நோய். அப்படிப்பட்ட விலங்குக்குப் பூவன் பழமாம்.

மீனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நெத்திலியிலும், சாளையின் உறவான மீன்கள் பலவற்றிலும் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது தயாமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். 1930களில் அமெரிக்காவில் ஒரு நரிப் பண்ணையில் பச்சைக் கெண்டை மீனைத் தீனியாகப் போட்டதில் நரிகள் கால் இழுத்து, வலிப்பு வந்து செத்தன. அந்தப் பண்ணைக்காரரின் பெயரால் அதைச் சாஸ்டெக் பக்கவாதம் என்கிறார்கள். ஃபெரட்டின் நெருங்கிய உறவான மிங்கையும் அதே நோய் தாக்கியிருக்கிறது. எப்போதாவது ஒரு மீன் என்றால் குற்றமில்லை. தினப்படி தீனியாகப் பச்சை நெத்திலி போட்டால் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். வேக வைத்தால் அந்த நொதி அழிந்துவிடும்.

மண்டபம் வலைக்காரர்:
எங்கள் பூனைக்கு ஏன் வலிப்பு வரவில்லை?

விலங்கியல் வாத்தியார்:
உங்கள் பூனை வீட்டுக்கு வெளியே எலி, ஓணான், அடுத்த வீட்டுக் குழம்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டு வருகிறது என்பதால்.

மண்டபம் வலைக்காரர்:
கடலைப் பார்க்காதவர்கள் மீனைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள்.

பாம்பன் பாலம்:
வலைக்காரர் அண்ணா, கோபம் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மனிதனுக்கே எட்டாத விலைக்குப் போகும்போது ஃபெரட்டுக்கு எங்கே போவது? தம்பி, எடை!

பனங்காட்டான்:
எனக்கு ஒரு சந்தேகம். ஃபெரட் என்பது வெள்ளைக்காரன் ஊர்க் கீரிதானே? எங்கள் பக்கம் பனங்காட்டில் கீரி நிறைய உண்டு. முட்டையும் ஓணானும் தின்றே உருண்டு திரண்டு இருக்கும். அதற்குப் போடுவதையே இதற்கும் போட்டால் போதாதா? அந்தக் காலத்தில் கீரிக்குட்டியை வீட்டில் வளர்த்தவர்களே இருக்கிறார்கள்.

விலங்கியல் வாத்தியார்:
கீரியும் ஃபெரட்டும் ஒரு குடும்பமே அல்ல. கீரி பூனை இனத்தின் பக்கம் நிற்கும் விலங்கு. ஃபெரட்டுக்கு நம் ஊரில் உறவு தேட வேண்டுமானால் நீர்நாயைச் சொல்லலாம். கீரியை வீட்டில் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பனங்காட்டான்:
நான் வளர்க்கிறேன் என்று எங்கே சொன்னேன்? வளர்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன். ஒரு வார்த்தை சொன்னால் உடனே சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள்.

தொண்டி வாசி:
கீரிக்கும் தயிர்சாதம் பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கீழக்கரைப் பையன்:
மன்னிக்கவும், கடைக்குப் போயிருந்தேன். துணிப்பையில் போட்டு மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பையை விட்டுத் தலையை நீட்டிக் கடைக்காரர் விரலை மோந்து பார்த்ததில் அவர் பயந்துவிட்டார். ஆண் 1 கிலோ 400, பெண் 750 கிராம். வயது தெரியாது, ஒன்றரை இருக்கலாம். கறிக்கடைக் காக்கா (அண்ணன்) கழுத்தும் காலும் மலிவாகக் கொடுக்கிறார், அதைத்தான் போடுகிறேன். பெரியது பாதியைத் தின்றுவிட்டு மீதியை எங்கோ ஒளித்துவைக்கிறது. நேற்று சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்த நாற்றத்தில் உம்மா வீட்டையே தலைகீழாக்கிவிட்டார்.

தேவிபட்டினம் அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை கீரிக்கதை வந்திருக்காது. சென்னையில் இருந்தபோது ஃபெரட் வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி, உன் வீட்டில் நடப்பது எலும்பு அதிகம், கறி இல்லை. மலம் வெண்மையாக, காய்ந்து, விரலால் அழுத்தினால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி நொறுங்குகிறதா? அப்படியானால் அது எலும்புத் தூள்தான். தின்பதில் எலும்பு நூற்றுக்குப் பத்து, மிஞ்சினால் பதினைந்து பங்கு இருக்கலாம். தோலோடு உள்ள கழுத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்பு. கோழிப் பாதத்தில் பாதிக்கு மேல். இறக்கையில் ஏறக்குறையப் பாதி, தொடையில் ஐந்தில் ஒரு பங்கு. நீ போடுகிற இரண்டுமே எலும்புப் பக்கம்.

ஆனால் கணக்குக்குப் போகும் முன் ஒரு கேள்வி. வீட்டில் ரப்பர் செருப்பு, ரிமோட் பொத்தான், பிள்ளைகளின் ரப்பர் பொம்மை ஏதாவது கடிபட்டிருக்கிறதா? ஃபெரட்டுக்கு ரப்பர் என்றால் உயிர். ஒரு துண்டு குடலில் சிக்கினாலும் இப்படித்தான் முக்கும்.

கீழக்கரைப் பையன்:
உம்மாவின் குளியலறைச் செருப்பில் ஒரு ஓரம் கடிபட்டிருக்கிறது அக்கா. துண்டு எங்கே என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

தேவிபட்டினம் அக்கா:
அப்படியானால் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டு. தின்ன மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, முன்னங்காலால் வாயைப் பிறாண்டினாலோ, மலம் நூல் மாதிரி மெலிந்து வந்தாலோ இரவென்றும் பார்க்காதே. ஆடு மாடு மட்டும் பார்ப்பவரிடம் போகாமல் முயல், பறவை பார்ப்பவராக விசாரித்துப் போ. போன இடத்தில் நாய்க்குப் போடும் டிஸ்டெம்பர் தடுப்பூசியைப் பற்றியும் கேள். அந்த நோய் வந்தால் ஃபெரட் பிழைப்பதில்லை.

அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு இந்தக் கணக்கை வைத்துக்கொள். உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு ஒரு நாள் தீனி. ஆணுக்கு 70 முதல் 98 கிராம், பெண்ணுக்கு 37 முதல் 52. இரண்டுக்கும் சேர்த்து நாளைக்கு 140 கிராம் என்று வைத்தால் வாரத்துக்கு ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவில் இறக்கை 250 கிராம், எலும்பில்லாத கோழி அல்லது ஆட்டுக்கறி 500, இதயம் 150, ஈரல் 50, சுவரொட்டியோ (மண்ணீரல்) கிட்னியோ 50. இறக்கையிலிருந்து வரும் எலும்பு நூற்றுச் சொச்சம் கிராம்தான், ஆக எலும்பு அளவுக்குள் நிற்கும். இதயத்தில் டாரின் என்ற சத்து நிறைய இருப்பதால் அதை விட்டுவிடாதே. ஈரல் பிடிக்கிறது என்று அள்ளிப் போடாதே, வைட்டமின் ஏ மிஞ்சினால் அதுவும் கெடுதல். கோழியின் இதயத்தையும் இரைப்பையையும் உள்ளுறுப்புக் கணக்கில் சேர்த்துவிட்டு ஈரலை மறப்பவர்கள் உண்டு. அவை இரண்டும் தசை, கறிக் கணக்கில்தான் வரும். ஆட்டு எலும்பைப் போடாதே, பல் தாங்காது. வேக வைத்த எலும்பு எதுவும் கூடவே கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பாம்பன் பாலம்:
அக்கா சொன்னதோடு ஒன்று. வாரத்துக்கான கறியை வாங்கிய அன்றே வெட்டி, எடை போட்டு, ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி உறைய வைத்துவிடு. மின்சாரம் போய் வந்து பொட்டலம் முழுதாக இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காதே. நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடு. நம் ஊர் வெக்கையில் தட்டில் மிஞ்சியதை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஒளித்துவைப்பது அதன் பிறவிக் குணம், நிறுத்த முடியாது. கூண்டுக்குள் வைத்துத் தின்ன விட்டு, முடிந்த பிறகு திறந்துவிட்டால் சோபா தப்பிக்கும். கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னும் கவனம்.

விலங்கியல் வாத்தியார்:
அக்காவின் கணக்கு பெரும்பாலும் சரி. ஆனால் இறக்கைக்குப் பதில் வாரம் ஒரு நாள் முழுக் காடை கொடுப்பது இதைவிட முறையானது. எலும்பு, கறி, உள்ளுறுப்பு மூன்றும் இயற்கையான விகிதத்தில் கிடைக்கும்.

ராமநாதபுரம் முயல்பண்ணை:
காடையை விட முயலில் கறி அதிகம்.

தேவிபட்டினம் அக்கா:
முயல் நல்லதுதான். ஆனால் கொழுப்புக் குறைவு. அதை மட்டுமே போட்டால் ஃபெரட் இளைத்துவிடும். கோழித்தோலைக் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும்.

மண்டபம் வலைக்காரர்:
எல்லாவற்றிலும் கோழி. நான் பேசவே இல்லை.

கீழக்கரைப் பையன்:
மருத்துவரிடம் போய் வந்தேன். வயிற்றைத் தடவிப் பார்த்தார், படமும் எடுத்தார். அடைப்பு இல்லை, எலும்புதான் என்றார். செருப்புத் துண்டு துவைக்கும் கல்லுக்கு அடியில் கிடந்தது. கழுத்தையும் காலையும் நிறுத்திவிட்டு அக்கா கணக்குப்படி போடுகிறேன். மலம் பழுப்பாகிவிட்டது, முக்கலும் இல்லை. காடைக்கு இரண்டும் அடித்துக்கொள்கின்றன. சுவரொட்டியை மட்டும் பெண் தொடவே மாட்டேன் என்கிறது. எல்லாருக்கும் நன்றி.

தேவிபட்டினம் அக்கா:
சின்ன வயதில் எந்த வாசனை பழகியதோ அதைத்தான் தீனி என்று நம்பும், புதியதைக் கறி என்றே ஏற்காது. சுவரொட்டியைக் கூழாக அரைத்து, அது விரும்பித் தின்னும் இறக்கையின் மேல் மெல்லியதாகத் தடவிக் கொடு. முதல் நாள் நுனி விரலால் தொட்ட அளவு போதும். முகத்தைச் சுளித்துத் தரையில் தேய்க்கும், விட்டுவிடாதே. ஒரு சொட்டை எடுத்து அதன் மேலுதட்டில் வைத்தால் நக்கித்தான் ஆக வேண்டும். பழகியதும் அளவைக் கூட்டு. அதுவரை வேண்டியதைக் கிட்னியில் சரிக்கட்டிக்கொள்.

பனங்காட்டான்:
அந்தச் சுவரொட்டியை உம்மாவிடம் கொடுத்து மிளகு போட்டு வறுக்கச் சொல்லுங்கள் தம்பி. ஃபெரட் மிச்சம் வைத்தது வீணாக வேண்டாம்.