பிளம்பிங், எலக்ட்ரிகல் ரெண்டுக்கும் ஒரே டூல் பாக்ஸ்: ஸ்கூட்டரில் வைக்கிற மாதிரி எப்படிச் செய்யலாம்?

அரையங்குலம்:
வீட்டு சர்வீஸ் வேலைக்கான பெட்டி. உள்ளே போக வேண்டியவை: 14 அங்குல பைப் ரெஞ்ச், 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பானர், கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், ஹாக்ஸா, அரை கிலோ சுத்தியல், உளி 2, திருப்புளி 6, டெஸ்டர், மல்டிமீட்டர், டெஃப்லான் டேப், சால்வென்ட் (பி.வி.சி. பைப் ஒட்டும் பசை) டப்பா, ஸ்க்ரூ, பிளக் வகையறா. எல்லாம் சேர்ந்து சுமார் 9 கிலோ. கடையில் கிடைக்கும் ஐந்து தட்டு இரும்புப் பெட்டி காலியாகவே கனக்கிறது. திறந்தால் தட்டுகள் ரெண்டு பக்கமும் விரிந்து, பாத்ரூமில் கால் வைக்க இடம் இருக்காது. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடம் குறுக்கே 40 செ.மீ., முன்பின்னாக 27 செ.மீ. செலவு குறைவா என்ன வழி?

ஆப்பு:
மூடி இல்லாத பிளைவுட் பெட்டிதான் சரி. மேலே குறுக்கே ஒரு உருளைக் காம்பு, அதுதான் பிடி.

12 மி.மீ. பிளைவுட் எடுங்க. ஈரத்தில் புழங்குவதால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாக (மரைன் பிளைவுட்) இருக்கட்டும். ஐ.எஸ். 303 போட்டது (பொது உபயோகப் பிளைவுட்) பாத்ரூம் தரையில் ரொம்ப நாள் தாங்காது. 4×2 அடித் துண்டு ஒன்று போதும், மிச்சமும் விழும். அடிப்பலகை 450×200 மி.மீ., முனைப்பலகை 200×300 ரெண்டு, பக்கப்பலகை 474×150 ரெண்டு.

பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். அடிப்பலகையை முனைப்பலகைகளுக்கு நடுவில் வைத்து வெளியிலிருந்து ஸ்க்ரூ அடித்து விடுவார்கள். தூக்கும்போது மொத்தக் கனமும் அந்த ஸ்க்ரூவில் தொங்கும். ஸ்க்ரூ நிற்பதோ பிளைவுட்டின் விளிம்பில். ஏடு பிரிந்து அடி கழன்றுவிடும். அதனால் முனைப்பலகைகளின் உள்பக்கம், அடி ஓரத்தில் 20×20 ரீப்பர் துண்டை ஃபெவிகால் மரைன் தடவி, ஸ்க்ரூவும் போட்டு ஒட்டுங்க. அடிப்பலகை அதன் மேல் உட்காரட்டும். பெட்டி தரையிலிருந்து 2 செ.மீ. தூக்கி நிற்பதால் தேங்கிய தண்ணீரும் தொடாது. விளிம்பில் எங்கே ஸ்க்ரூ போட்டாலும் முதலில் 2 மி.மீ. ஓட்டை.

காம்புக்கு 25 மி.மீ. உருளைக் கட்டை. முனைப்பலகையின் மேல்விளிம்பிலிருந்து 40 மி.மீ. கீழே மையம் வைத்து ஓட்டை போட்டு, காம்பைப் பசையோடு நுழையுங்க. காம்பின் நுனியில் ரம்பத்தால் ஒரு வெட்டு போட்டு, சுத்தியல் காம்புக்கு அடிக்கிற மாதிரி ஆப்பு அடிக்கணும். வெட்டு நெட்டுக்குத்தாக இருக்கட்டும், அப்போதுதான் ஆப்பு பக்கவாட்டில் விரியும். படுக்கையாக வெட்டினால் மேலே இருக்கிற கொஞ்ச மரத்தைப் பிளந்துவிடும். பக்கப்பலகைக்கும் காம்புக்கும் நடுவே 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி வரும், கை தாராளமாகப் போகும். காலிப் பெட்டி இரண்டேமுக்கால் கிலோவை ஒட்டி வரும்.

பெயின்ட் வாளி:
இதுக்கெல்லாம் பட்டறை வேலை எதுக்குங்க. காலி 10 லிட்டர் பெயின்ட் வாளி போதும். (20 லிட்டர் வேண்டாம், வாய் விட்டம் 27 செ.மீ.ல அடங்காது.) எமல்ஷன் வாளின்னா பெயின்ட் நல்லா காயட்டும், அப்புறம் தோலாட்டம் உரிஞ்சு வந்துடும். அடியில 6 மி.மீ. ஓட்டை நாலு போடுங்க, தண்ணி நிக்காது.

திருப்புளிக்கு அரையங்குல பி.வி.சி. பைப்பை 10 செ.மீ. துண்டா வெட்டி, வாளிச் சுவரை ஒட்டி உள்பக்கமா நெட் போல்ட்டுல முடுக்குங்க. துண்டோட அடியை அடைக்காதீங்க, மண்ணு சேரும். பைப் ரெஞ்ச், சுத்தியல் நடுவுல. ஓரமா வச்சா தூக்கறப்ப சாயும். கம்பிப் பிடி கையை அறுக்கும்; 12 செ.மீ. தோட்டக் குழாயை நீளவாக்குல கீறி மாட்டிக்குங்க. முதல்ல உடையறது பிடி மாட்டற காதுதான். வெயில்ல கிடந்த வாளின்னா காதுகிட்ட விரலால அழுத்திப் பாருங்க, வெளுத்த கோடு தெரிஞ்சா அதுல 9 கிலோ ஏத்தாதீங்க.

அரையங்குலம்:
வாளியில் சின்ன சாமான் எல்லாம் அடியில் போய்விடுமே. பிளைவுட் பெட்டி பிடித்திருக்கிறது, ஆனால் 47 செ.மீ. நீளம் ஸ்கூட்டரில் ரெண்டு பக்கமும் துருத்தும்.

ஆப்பு:
40 செ.மீ. என்று நீங்கள் எழுதியதை விட்டுவிட்டேன், மன்னிக்கவும். 14 அங்குல ரெஞ்ச் சுமார் 36 செ.மீ., அதுதான் அளவைத் தீர்மானிக்கிறது. அடிப்பலகை 370, பக்கப்பலகை 394 ஆக்குங்க. அகலம் 224, இடிக்காது. ஹாக்ஸா சட்டம் கைப்பிடியோடு 40 செ.மீ. தாண்டும், அதைப் படுக்க வைக்க வேண்டாம். பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு சட்டத்தை வெளிப்பக்கம் ரெண்டு கொக்கியில் மாட்டுங்க.

உள்பக்கச் சுவரில் பழைய சைக்கிள் டியூப்பை 25 மி.மீ. பட்டையாக வெட்டி, 40 மி.மீ.க்கு ஒரு ஸ்க்ரூவும் வாஷரும் போட்டால் பிளேயர், டெஸ்டர் எல்லாம் நின்றபடி பிடித்துக்கொள்ளும். வாஷர் இல்லாமல் முடுக்கினால் ரப்பர் கிழியும்.

சின்ன ஸ்க்ரூவுக்கு அஞ்சறைப்பெட்டியை மிஞ்ச ஒன்றும் இல்லை. கிண்ணத்துக்கும் மூடிக்கும் இடைவெளி இருப்பதால் வண்டி குலுங்கும்போது எல்லாம் கலந்துபோகும். பழைய ஹவாய் செருப்பின் அடியைச் சீவி, மூடியின் உள்பக்கம் வட்டமாக ஒட்டுங்க. மூடும்போது கிண்ணங்களை லேசாக அழுத்த வேண்டும், அதுதான் கணக்கு.

துரு:
பெட்டி எதுவானாலும் டாய்லெட் கழுவும் ஆசிட் பாட்டிலை அதில் வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் ஆவி கசியும், பிளேயர் வாயில் ஒரே ராத்திரியில் செம்மண் பூத்த மாதிரி ஆகிவிடும். சால்வென்ட் டப்பாவைச் சாயாமல் நிறுத்த, அது நுழையும் அளவு பி.வி.சி. பைப் துண்டு ஒன்றை மூலையில் திருகுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் வெயிலில் வண்டியோடு விட வேண்டாம்.

அடியில் ஸ்பஞ்ச் விரிப்பதும் தப்பு. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ரெஞ்ச் திருகுக்கு வாரம் ஒரு சொட்டு மெஷின் ஆயில் போதும்.

அரையங்குலம்:
கனம் குறைக்க பக்கப்பலகையை 6 மி.மீ. போடலாமா?

ஆப்பு:
போடலாம், அரை கிலோவுக்குக் கொஞ்சம் கீழே குறையும். நீளம் 394தான், மாறாது. ஆனால் தலை உள்ளே பதிகிற ஸ்க்ரூ வேண்டாம். 6 மி.மீ.யில் குழி எடுத்தால் பாதிதான் மிஞ்சும், இழுத்தால் தலை அப்படியே உருவிக்கொண்டு வரும். தலை பதியாமல் மேலேயே உட்காரும் ஸ்க்ரூ, அடியில் வாஷர், விளிம்பு முழுக்கப் பசை.